கவ்விட்டு வந்தது எது? பூனையும் நாயும் காட்டு உயிர்களைப் பிடித்துத் தின்றால் பார்க்க வேண்டியவை

மதுரையில் நாகமலை அடிவாரத்தில், கீழக்குயில்குடிப் பக்கம், வீடு கட்டிக் குடிவந்து 14 வருஷம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் பொட்டல், அதற்குப் பின்னால் சீமைக்கருவேலம், அதற்கும் பின்னால் மலை. இங்கே பூனை வளர்த்தால் அணில்பிள்ளையைக் கவ்விக்கொண்டு வரும், நாய் வளர்த்தால் உடும்பு வளையைத் தோண்டும். என்னிடம் மூன்று பூனைகளும் சேவுகன் என்று ஒரு சிப்பிப்பாறைக் கலப்பு நாயும் இருக்கின்றன. நான் மருத்துவன் இல்லை. ஆனால் தெருவில் எந்த வீட்டுப் பூனை நுரை தள்ளினாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள், ஒரே மாதிரிக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாகிவிட்டது.

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வாயில என்ன இருந்துச்சு?" பாதிப் பேருக்குத் தெரியாது. பதற்றத்தில் நாயைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்கிறார்கள். செத்துக் கிடந்ததை விளக்குமாறால் தள்ளிச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தின்றது போக மிச்சம் எதுவாக இருந்தாலும், வாலாகவே இருந்தாலும், முதலில் போனில் ஒரு படம் எடுங்கள். பிறகு கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு அதை எடுத்துக் கட்டி வையுங்கள். மருத்துவர் பார்க்க வேண்டிய முதல் ரிப்போர்ட் அதுதான்.

## உயிரோடு கவ்விக்கொண்டு வந்து நிற்கிறது

துரத்தாதீர்கள். துரத்தினால் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும், நாய் அப்படியே விழுங்கிவிடும். நெத்திலிக் கருவாடு ஒரு துண்டைக் காட்டினால் பூனை பெரும்பாலும் வாயில் இருப்பதைக் கீழே போட்டுவிடும். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு டப்பாவில் நெத்திலி இருக்கிறது. நாய்க்கு அவித்த முட்டை. அப்படியும் விடவில்லை என்றால் பழைய துண்டு ஒன்றைப் பூனையின் தலைமேல் போர்த்துங்கள், பிடி தளரும். வெறுங்கையை மட்டும் நடுவில் விடாதீர்கள். பயந்துபோன அணில் கடிக்கிற கடி பூனைக் கடிக்குக் குறைந்தது இல்லை.

கீழே விழுந்தது அணிலோ குருவியோ என்றால்: ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் துணி விரித்து, அதை உள்ளே விட்டு, மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பால் ஊற்ற வேண்டாம், தண்ணீரையும் வாயில் புகட்ட வேண்டாம். ரத்தமே இல்லையே, நல்லாத்தான் இருக்கு என்று மரத்தில் ஏற்றி விடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்று ஒரு கிருமி இருக்கிறது. ஊசிமுனை அளவு காயம் போதும், அணிலும் குருவியும் ஓரிரு நாளில் செத்துவிடும். நானும் இரண்டு முறை ஏற்றிவிட்டுச் சந்தோஷமாகத் தூங்கியிருக்கிறேன், மறுநாள் வேப்பமரத்தடியில் கிடந்தது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார். பிழைக்க வாய்ப்பு அதில்தான்.

மயில், உடும்பு, தேவாங்கு, அலங்கு (எறும்புத்தின்னி) என்றால்: இங்கே வீட்டு வைத்தியம் கிடையாது. உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். இவையெல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வேட்டையாடியதாக நிரூபணமானால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமில்லை, விரட்டுவதும் அதில் வரும். நாய் தானாக ஓடிப் பிடித்ததற்கும் நாம் ஏவிவிட்டதற்கும் வித்தியாசம் உண்டுதான். ஆனால் அந்த வித்தியாசத்தை வனச்சரக அலுவலகத்தில் நாமே முந்திப் போய்ச் சொன்னால்தான் எடுபடும். கொல்லையில் புதைக்காதீர்கள். இறகைப் பிடுங்கி வைக்காதீர்கள். உடும்புக்கறி மூட்டுவலிக்கு நல்லது என்று ஒருத்தர் எப்படியும் வந்து சேருவார், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அரிட்டாபட்டி, அழகர்மலைப் பக்கம் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அலங்கும் தேவாங்கும் அங்கே இன்னும் இருக்கின்றன, இரண்டும் ராத்திரியில் நடமாடுகிறவை. நாயை ராத்திரி அவிழ்த்து விடுவது நம் ஊர்ப் பழக்கம். ரெண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

## வாயில் நுரை தள்ளுகிறது

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் கேள்விதான் அதிகம் வரும். காரணமும் பெரும்பாலும் ஒன்றேதான்: தேரை. வாசல் லைட்டுக்கு அடியில் பூச்சி தின்ன வந்து உட்கார்ந்திருக்கும். நாய் போய்க் கவ்வும். தேரையின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தடிப்பாக இருக்கும் சுரப்பியிலிருந்து பால் மாதிரி விஷம் வாயில் படும். நாய் தலையை உதறும், காலால் வாயைத் தேய்க்கும், நுரை நுரையாகத் தள்ளும்.

முதலில் வாயைக் கழுவுங்கள். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, குழாய்த் தண்ணீரை வாயின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடும்படி 10 நிமிஷம் விட வேண்டும். தொண்டைக்கு நேராக அடித்தால் விஷத்தோடு தண்ணீரையும் குடித்துவிடும், மூச்சுக்குழாய்க்குள்ளும் போய்விடும். ஈறை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அலசுங்கள். அரை மணி நேரத்தில் நுரை குறைந்து, நாய் வாலாட்டி நடந்தால் சரி. நடை தள்ளாடினாலோ, உடம்பு நடுங்கினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே வண்டியைக் கிளப்புங்கள். தேரை விஷம் இதயத்தைத் தாக்கும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தேரை இல்லை, நுரை தள்ளியது பூனை என்றால் பெரும்பாலும் பதற வேண்டியதில்லை. கசப்பாக எதையாவது கடித்திருக்கும். மூஞ்சூறு ஒரு நல்ல உதாரணம். அதன் நாற்றத்துக்குப் பூனை அதைக் கொல்லுமே தவிர தின்னாது, கொன்றுபோட்டுவிட்டு எச்சில் வடித்துக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் தானாக நிற்கும்.

வயல்காட்டுப் பக்கம் போய் வந்தபின் நுரையோடு கண்பாவையும் சுருங்கி, ஒன்றுக்கும் இரண்டுக்கும் தானாகப் போய், தசை துடித்தால் அது பூச்சிமருந்து. மருந்து பட்டுச் செத்த பறவையையோ எலியையோ தின்றிருக்கலாம். இதற்கு முறிவு மருந்து உண்டு, ஆனால் ஊசியாகத்தான் போட முடியும். எந்த மருந்து அடித்தார்கள் என்று வயல்காரரிடம் கேட்டு, முடிந்தால் அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

இவை எதுவும் இல்லாமல், இரண்டு நாளாகக் குணம் மாறி, தண்ணீர் விழுங்க முடியாமல், குரல் மாறி எச்சில் வடிகிறதா? வாய்க்குள் கையை விடாதீர்கள். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று விரலை விட்டுப் பார்ப்பதுதான் வெறிநோயில் நடக்கும் பெரிய விபத்து. அறைக்குள் அடைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

## எலி தின்ற பிறகு சுருண்டு படுத்திருக்கிறது

வெறும் அஜீரணம் என்றால் ஒரு வாந்தி, ஒரு நாள் பட்டினி, அவ்வளவுதான். சந்தேகப்பட வேண்டியது எலியை அல்ல, எலி தின்றதை. அக்கம்பக்கத்தில் மூன்று நான்கு வீடுகளில் கேளுங்கள்: எலிமருந்து வைத்தீர்களா, பொடியா, கேக்கா?

பொடி என்றால் கருஞ்சாம்பல் நிறத்தில் வரும் ஜிங்க் பாஸ்பைடாக இருக்கலாம். எலியின் வயிற்றில் செரிக்காத மருந்து மிச்சம் இருந்தால் அதைத் தின்ற நாய்க்குச் சில மணி நேரத்திலேயே வாந்தி, வயிற்றுவலி, நடுக்கம் வரும். வாந்தியில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ அடித்தால் அதுதான். குனிந்து மோந்து பார்க்காதீர்கள், அதிலிருந்து கிளம்பும் வாயு நமக்கும் விஷம். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சோறு, பால், தயிர் எதுவும் கொடுக்கக் கூடாது. வயிற்றில் அமிலம் கூடினால் வாயுவும் கூடும். இதற்கு முறிவு மருந்து கிடையாது, சீக்கிரம் போவது மட்டும்தான் மருந்து.

கேக் என்றால் ஏமாற்றுகிற வகை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து அதில் இருக்கிறது. தின்ற அன்றைக்கு ஒன்றுமே தெரியாது, 3 முதல் 5 நாள் கழித்துத்தான் வெளியே காட்டும். எங்கள் குண்டுமணி இப்படித்தான் மாட்டினாள். எலியைத் தின்றதை நானே பார்த்தேன், மறுநாளும் மதிலேறிக் குதித்தாள், மறந்துவிட்டேன். நாலாம் நாள் காலையில் ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, மூக்கோரம் ரத்தம். பக்கத்து வீட்டு அக்கா மோட்டார் ரூமில் கேக் வைத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. "தம்பி, எலிக்குத்தானே வச்சேன், ஒங்க பூனைக்கா வச்சேன்?" என்று அவரும் அழுதுவிட்டார். வைட்டமின் கே1 ஊசி போட்டு, பிறகு நாலு வாரம் மாத்திரை. பிழைத்தாள்.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முழு எலியைத் தின்றதைப் பார்த்தால் காலண்டரில் எழுதி, ஒரு வாரம் தினமும் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பேன். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுப்பு, மூக்கில் ரத்தம், கறுப்பு மலம், இளைப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவர்.

இரண்டு வகைக்கும் பொதுவாக ஒன்று: உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே விஷமாகிவிடும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமாலும் வேண்டாம். ஒரு மருந்துக் கடையில் குழந்தை அளவு கொடுங்க சார் என்று எனக்கே எடுத்துக் கொடுத்தார்கள். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும்.

## முகமோ காலோ வீங்கியிருக்கிறது

லேசானதில் தொடங்குவோம். குளவி, தேனீ: திடீரென்று உதடோ கண்ணிமையோ உப்பும், ஆனால் நாய் சுறுசுறுப்பாக இருக்கும். ஐஸ் ஒத்தடம் போதும், மூச்சு இழுத்தால் மட்டும் மருத்துவர். பழைய கடிக்காயம்: இரண்டு மூன்று நாளாக மெல்ல வீங்கி, சூடாக, அமுக்கினால் மெத்தென்று இருக்கும். உள்ளே சீழ். பெருச்சாளி கடித்த பூனைகளில் இதுதான் அதிகம். நாமே கீறிவிட வேண்டாம்.

பாம்பு: ஒரு மணி நேரத்துக்குள் மூஞ்சி பாதி வீங்கி, தொட்டால் கத்தி, பல்தடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்தால் விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் சிவப்பாகவும் போகலாம். நல்ல பாம்பு என்றால் வீக்கத்தோடு கண்ணிமை சரியும், பின்கால் துவளும். கட்டுவிரியன் ரொம்ப மோசம், வீக்கமே இருக்காது. ராத்திரி ஏதோ பாம்போடு விளையாடிய நாய் காலையில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தால் அதை நினையுங்கள்.

செய்ய வேண்டியது: நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போவது. கட்டுப் போடுவது, கீறுவது, மஞ்சள் அப்புவது எதுவும் வேண்டாம். கிளம்பும்போதே இரண்டு மூன்று கிளினிக்குக்குப் போன் போட்டு, "பாம்புக்கடி முறிவு மருந்து இருக்கா?" என்று கேட்டுவிட்டு இருக்கிற இடத்துக்குப் போங்கள். பஜாரில் ட்ராஃபிக்கைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபின் ஸ்டாக் இல்லை என்ற பதிலை நான் ஒரு முறை கேட்டிருக்கிறேன். மனிதருக்குப் போடுகிற அதே மருந்துதான் நாய்க்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒன்று. அதனால் பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை, எட்ட நின்று படம் எடுக்க முடிந்தால் போதும். ஒரு குப்பியோடு முடியாது, செலவு ஆயிரக்கணக்கில் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பாம்பு இன்னும் வீட்டுக்குள் இருந்தால் தீயணைப்புத் துறை, 101.

சாரைப்பாம்பையோ தண்ணீர்ப் பாம்பையோ தின்றுவிட்டுத் தெம்பாக இருக்கிற நாய்க்கு ஒன்றும் செய்ய வேண்டாம். விஷமில்லாத பாம்புகள். கடிவாயைச் சோப்பால் கழுவினால் போதும். ஆனால் அது சாரைதான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். "சாரைதாண்ணே" என்று சொல்லி வந்த ஒரு படத்தில் நல்ல பாம்பு படமெடுக்காமல் படுத்திருந்தது.

## கீரியோ நரியோ கடித்துவிட்டது

கீரிப்பிள்ளை பயந்து ஓடும் சாது அல்ல. மூலையில் மடக்கினால் நாயின் மூக்கைப் பிய்த்துவிடும். காயம் சின்னதுதான், பிரச்சினை வெறிநோய். கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் காயத்தை 15 நிமிஷம் கழுவுங்கள். வருஷ ஊசி போட்ட நாயாக இருந்தாலும் உடனே மறுஊசி போட வேண்டும். போடாத நாய் என்றால் மருத்துவர் சொல்கிற மாதிரி முழுச் சுற்றும் போட்டு, தனியாகக் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும்.

பிரித்துவிடப் போய் உங்களையே கீரியோ உங்கள் நாயோ கடித்துவிட்டால் அதே 15 நிமிஷக் கழுவல், பிறகு அரசு ராஜாஜி மருத்துவமனையோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ. நம்ம நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

## வயிற்றுக் கோளாறுகள்

மலத்தில் அரிசி மாதிரி நெளிந்தால் நாடாப்புழு. எலியிலிருந்தும் தெள்ளுப்பூச்சியிலிருந்தும் வரும். சாதாரணப் பூச்சி மருந்து கேட்காது, அட்டையில் பிராசிகுவான்டல் என்று இருக்கிறதா பார்த்து, எடைக்குத் தகுந்த அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். வேட்டையாடுகிற பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேண்டும்.

பல்லி, ஓணான் தின்னும் பூனைக்குக் கண், காது மடல் மஞ்சளாக மாறினால் அவற்றிலிருந்து ஈரலுக்குப் போகிற புழுவாக இருக்கலாம். நாய்க்கு மஞ்சள் தட்டினால் எலிக்காய்ச்சலைச் சந்தேகப்படுங்கள். அது நமக்கும் தொற்றும், அதனால் அதன் சிறுநீரை வெறுங்கையால் துடைக்காதீர்கள். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை இல்லாமல் வழியில்லை. சிக்கலான கேஸ் என்றால் தேனி, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புவார்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையின் மலத்தை வேறு யாராவது தினமும் அள்ள வேண்டும். எலி, குருவி தின்னும் பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா இருக்கலாம். அது ஒரு நாளாவது கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும் என்பதால் அன்றன்றே அள்ளுவதே பாதி பாதுகாப்பு. பூனையைத் துரத்திவிட வேண்டியதில்லை.

## தினமும் பிடிக்கிறது, நிறுத்த முடியவில்லை

காசு செலவில்லாத வழியிலிருந்து வருகிறேன்.

நேரம். விடியலும் அந்தியும்தான் வேட்டை நேரம். சாயங்காலம் 5 மணிக்குச் சாப்பாடு வைத்து உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினால் காலை 8 மணி வரை திறக்காதீர்கள். முதல் வாரம் கத்தித் தீர்க்கும். இரண்டாம் வாரம் பழகிவிடும். தேரை, கட்டுவிரியன், கீரி என்று மேலே சொன்னவற்றில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

தட்டில் என்ன வைக்கிறீர்கள்? பால்சோறு, தயிர்சோறு என்றால் பூனை வேட்டைக்குப் போவதில் தப்பே இல்லை. டாரின் என்ற சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது, அது குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். சோறு போடுகிறோமே, ஏன் இன்னும் அணில் பிடிக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 355 பூனைகளை வைத்துப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள்: மாமிசச் சத்து அதிகமான, தானியமில்லாத தீனி போட்டபோது வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 36 சதவீதம் குறைந்தது. தினம் 5 முதல் 10 நிமிஷம் விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம். நான் இம்போர்ட்டட் தீனி எல்லாம் வாங்குவதில்லை. கோழிக்கடையில் ஈரல், இதயம் வாங்கி வேகவைத்து, நடுநடுவே மத்தி மீன். குச்சியில் கயிறு கட்டி நுனியில் கோழி இறகு, அதுதான் விளையாட்டு.

மணி. எல்லோரும் முதலில் வாங்குவது இது. அந்த ஆய்வில் மணி பெரிதாக எதையும் குறைக்கவில்லை. எங்கள் வெள்ளையம்மாள் மணி குலுங்காமல் நடக்கக் கற்றுக்கொண்டாள். கட்டுவதாக இருந்தால் இழுத்தால் தானே அவிழும் பட்டையாகப் பாருங்கள், சீமைக்கருவேல முள்ளில் மாட்டித் தொங்கிவிடக் கூடாது.

குடும்பக் கட்டுப்பாடு. குட்டி போட்ட தாய்ப்பூனை குட்டிகளுக்காகவும் பிடிக்கும். அறுவை செய்தால் அலைச்சல் குறையும், வேட்டை முழுதாக நிற்காது.

நாய்க் கதை வேறு. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் தலைமுறை தலைமுறையாக ஓட்டத்துக்கும் வேட்டைக்கும் வளர்த்தவை. முயல் குறுக்கே ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. தீனி மாற்றியோ அடித்தோ பயனில்லை. காலையில் மலைப்பக்கம் போகாமல் தார்ரோட்டில் 4 கிலோமீட்டர் கயிற்றோடு நடை, சாயங்காலம் மதிலுக்குள் பந்து. பிறகு வேலி. சேவுகன் எங்கள் 4 அடி மதிலை நின்ற இடத்திலிருந்து தாண்டினான், மேலே 3 அடிக்குச் சங்கிலிக் கம்பிவலை போட்டேன். அடியில் தோண்டினான், அரை அடி ஆழத்துக்கு வலையைப் புதைத்து மேலே கல் பரப்பினேன். இரண்டு வருஷமாக வெளியே போகவில்லை. மயில்கள் இப்போது வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவனைப் பார்த்து அகவுகின்றன, அதற்குத்தான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.